சிம்னி கேக் யார் சொத்து? கூடவே ஒரு அவன் (oven) சந்தேகம்

மாவுக்கை (கேள்வி):
மாவுப் பட்டையைக் கட்டையில் சுற்றி, சர்க்கரையில் புரட்டிச் சுடும் குழல் வடிவப் பலகாரம்தான் சிம்னி கேக். செக் தலைநகர் பிராக்கின் கடைகளில் அதற்கு 'பழைய போஹீமியப் (செக் நாட்டுப் பகுதி) பலகாரம்' என்று போர்டு தொங்குது. ஸ்லோவாக்கியர்கள் ஸ்கலிட்சா ஊருடையது என்கிறார்கள். ஹங்கேரிக்காரரிடம் இரண்டையும் சொன்னால் சண்டைக்கே வருவார். யார் சொல்வது சரி? இன்னொன்று, வீட்டு அவனில் சுட்டால் மேல் சர்க்கரை பாகாகாமல் நறநறவென்றே நிற்குது. கட்டையை விட்டும் கழலுவதில்லை. ஏன்?

பழங்கணக்கு:
பிராக் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். சுற்றுலாக் கூட்டத்தை நம்பி வந்த வியாபாரம் அது. ஸ்லோவாக்கியர் கையில் பத்திரம் இருக்கு: ஸ்கலிட்சா த்ர்தெல்னீக்குக்கு (அங்கே சிம்னி கேக்கின் பெயர்) 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு. ஆனால் அதைக் கொண்டுவந்தது யோஷெஃப் க்வதானி என்ற ஹங்கேரியத் தளபதியின் டிரான்சில்வேனியச் சமையல்காரர் என்று அந்த ஊர்க் கதையே சொல்லுது. எதிர்த்தரப்புக்கு வேறென்ன வேண்டும்!

ஹங்கேரிக்காரரும் ரொம்பத் துள்ள முடியாது. அவர்கள் காட்டும் 1784 செய்முறை, டிரான்சில்வேனியாவின் ஸாபோலா ஊரில் கோமகள் மாரியா மிகெஷ் வீட்டுடையது. அந்த ஊர் இன்று ருமேனியாவில். அதில் சர்க்கரைப் பூச்சும் கிடையாது, அது 19ஆம் நூற்றாண்டுச் சேர்க்கை. 1450 வாக்கிலேயே ஒரு ஜெர்மன் கையெழுத்துப் பிரதியில் மாவுப் பட்டையைக் கம்பில் சுற்றிச் சுடும் முறை இருக்கு. சுற்றுவது பொதுச்சொத்து, மொறுமொறு சர்க்கரைப் பூச்சை ஹங்கேரியர் கணக்கில் எழுதலாம் என்பது என் தீர்ப்பு.

தணல்:
மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 200 மி.லி., முட்டை 1, மஞ்சள் கரு 2, உருக்கிய வெண்ணெய் 80 கிராம், சர்க்கரை 60 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. பிசைந்து ஒரு மணி நேரம் பொங்கவிட்டு, அரை செ.மீ. கனத்தில் தேய்த்து, ஒன்றரை செ.மீ. பட்டையாக வெட்டுங்கள்.

பூரிக்கட்டையில் அலுமினியத் தாள் சுற்றி வெண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். கழலாததற்குப் பாதிக் காரணம் இங்கே, மீதி, ஆறவிடுவது. பாகு இறுகினால் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். வெளியே எடுத்த இரண்டு மூன்று நிமிடத்தில் தட்டிக் கழற்றணும்.

சுற்றியபின் மேடையில் லேசாக உருட்டி, வெண்ணெய் பூசி, அப்புறம் சர்க்கரையில் புரட்டுங்கள். வெண்ணெய் இல்லாமல் புரட்டினால் ஒட்டாது. கட்டையின் இரு முனையும் ஆழமான தட்டின் விளிம்பில் நிற்கட்டும், மாவு எதிலும் படக்கூடாது. 190 டிகிரியில் 20 நிமிடம், நடுநடுவே திருப்பி. கரித்தணல் மாதிரி அவன் நேரடியாகச் சுடாது; அதனால்தான் நறநறப்பு. கடைசி 3 நிமிடம் மேல் கிரில்லைப் போடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள், கருகச் சில நொடி போதும்.

பழங்கணக்கு:
ஸ்கலிட்சா வகை வேண்டுமென்றால் வெண்ணெய்க்குப் பதில் முட்டை வெள்ளைக்கரு பூசி, பொடித்த வால்நட்டில் புரட்டிச் சுடணும். உள்ளே ஐஸ்கிரீம் மட்டும் வேண்டாம், ஓடு நமத்துவிடும்.