வலைப்பூ வாசகர் ஒருவர், மறக்க முடியாத ஒரு நாள்

ரயிலடிவாசி, ராயபுரம்

வலைப்பூ எழுதியவர்களே, வாசகர் ஒருவரால் உங்களுக்கு மறக்க முடியாமல் போன நாள் எது என்று கேட்டவன் நான், நானே முதலில் சொல்லிவிடுகிறேன். 2008இல் எங்கள் ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றி ஒரு பதிவு போட்டேன். எல்லா வலைப்பூக்களின் புதுப் பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டும் திரட்டியில் இணைத்த அன்று ராத்திரிக்குள் வாசகர்களிடமிருந்து 17 பின்னூட்டம். எனக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. முகப்புத் தூண்களைப் பற்றி உருகி எழுதியவன், தலைப்பில் ‘இந்தியாவின் முதல் ரயில் நிலையம்’ என்று போட்டுவிட்டேன்.

போன வருடம் கல்மண்டபம் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்து, “ஸ்டேஷன் பத்தி எழுதினது நீங்கதானே? உங்க வலைப்பூவுல போட்டோ பார்த்தேன்” என்றார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். என் பதிவின் பிரிண்ட் அவுட். தலைப்பில் ‘இந்தியாவின்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘தென்னிந்தியாவின்’ என்று எழுதியிருந்தார். “பம்பாய்ல 1853லயே வண்டி ஓடிடுச்சு தம்பி. நம்மது மூணு வருஷம் கழிச்சுதான். பசங்க ஸ்கூல் புராஜெக்டுக்கு இதைப் பார்த்து எழுதுதுங்க, மாத்திடுங்க.”

சரி ஐயா என்றேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் பாஸ்வேர்டு நினைவில்லை. மீட்பதற்குக் கொடுத்திருந்த நம்பரையும் விட்டு வருடக்கணக்காகிறது. அந்தத் தப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அவரைத் தூரத்தில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

காரப்பொடி, காசிமேடு

என்னைத் தேடி நேரில் யாரும் வந்ததில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

நான் எழுதியதெல்லாம் மீன் சமையல். வஞ்சிரம், வவ்வால் என்றால் ஆயிரம் பேர் எழுதுவார்கள். கூடையில் மிஞ்சும் பொடி மீனை ஆயா எப்படிச் சமைக்கும் என்று எழுதுவதுதான் எனக்கு ஆசை. 2012இல் காரப்பொடி என்ற பொடி மீனில் வைக்கும் குழம்பு எழுதினேன். தினமும் இரண்டு மணிநேரம் கரண்ட் போன காலம். பாதி அடித்தது போய், மறுபடி முதலிலிருந்து அடித்த பதிவு அது. ஒரு பின்னூட்டமும் வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

மூன்று வருடம் கழித்து எதையோ தேடப் போய் ஸ்பாம் பெட்டியைத் திறந்தேன். லோன் விளம்பரம், லாட்டரி விளம்பரம், நடுவில் பெயர் போடாத ஒரு அனானி: “எங்க அம்மாவும் இப்படித்தான் வைப்பாங்க. போய் ஒரு மாசம் ஆகுது. மாங்காய் எப்போ போடணும்னு கேக்காம விட்டுட்டேன். சொல்வீங்களா அக்கா?”

மூன்று வருடம்! உடனே பதில் போட்டேன். குழம்பு கொதித்துப் பச்சை வாசனை போனதும் மாங்காய், அது பாதி வெந்ததும் மீன், மீன் போட்ட பிறகு கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து ஆட்ட வேண்டும். மெயில் முகவரி இல்லாதவருக்கு நான் பதில் சொன்னது எப்படித் தெரியும்? இன்றும் மாங்காய் நறுக்கும்போது அந்தப் பிள்ளை ஞாபகம்தான்.

தறி மகன், கொருக்குப்பேட்டை

ரயிலடி சார், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதை நான் ஏற்க மாட்டேன். இன்னொருவர் வாசலில் கோலம் போட்டுவிட்டு சாவி இல்லை என்கிறீர்கள். சொந்த டொமைன், அதாவது நம் பெயரிலேயே ஓர் இணைய முகவரி, வாங்கியிருக்க வேண்டும்.

என் கதை சின்னது. அப்பா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். அவர் சொல்லச் சொல்ல எழுதி, சொந்த முகவரியில் போட்டு வந்தேன். ஒரு வருடம் புதுப்பிக்கத் தவறிவிட்டேன், நினைவூட்டும் மெயில் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. அத்தை போன் செய்து, “என்னடா, அண்ணன் பேர்ல சீட்டாட்டம் காட்டுது?” என்றார். முகவரி வேறு யாரோ கைக்குப் போய்விட்டது. அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள். மாதம் ஒருமுறை வலைப்பூவின் பேக்கப் கோப்பை இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரில் அந்தக் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும்தான் வரும், படத்துக்கு வெறும் சுட்டிதான். படங்களைத் தனியாக எடுக்க வேண்டும். பக்க வடிவமைப்பான டெம்ப்ளேட்டும் தனி. யூனிகோடுக்கு முன்பு தமிழுக்குப் புழங்கிய பழைய டிஸ்கி எழுத்துருவில் எழுதியது இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள், நாளைக்கு அதைப் படிக்க ஆள் கிடைக்காது. எதையும் நேராக பிரவுசரில் அடிக்காதீர்கள், நோட்பேடில் அடித்து ஒட்டுங்கள். காரப்பொடி அக்கா இரண்டு முறை அடித்திருக்க வேண்டியதே இல்லை. முக்கியமான பக்கங்களை, இணையப் பக்கங்களின் நகலைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் நீங்களே சேமிக்கலாம், காசு கிடையாது. எனக்கு அப்பாவின் எட்டுப் பதிவுகள் அங்கேதான் திரும்பக் கிடைத்தன. மொத்தம் முப்பத்தொன்று எழுதியிருந்தேன்.

கேரம் போர்டு, பெரம்பூர்

அண்ணே, உங்கள் கதையே உங்கள் வாதத்துக்கு எதிராக இருக்கிறதே. சொந்த டொமைன் என்றால் வருடா வருடம் ஒருவர் உயிரோடு இருந்து பணம் கட்ட வேண்டும்.

வியாசர்பாடியில் என் கூட்டாளி ஒருவன், இலவச வலைப்பூதான் வைத்திருந்தான். 2015இல் போய்விட்டான். போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். “அங்கிள், அப்பா ஏதோ எழுதுவாராமே?” என்றாள். என் போனில் திறந்து கொடுத்தேன். அவளாகவே பழைய பதிவுகளைத் தேடிப் போனாள். அவள் பிறந்த அன்று எழுதியது வந்து நின்றது. ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி வராண்டா, வெளியே மழை, நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது, கை நடுங்கியது. சத்தமாகப் படித்தாள். முடித்துவிட்டு நிறுத்தாமல் கீழே இருந்த என் பின்னூட்டத்தையும் படித்தாள்: “வாழ்த்துகள் மாப்ளே, ட்ரீட் எப்போ?” அடுப்படியிலிருந்து அவள் அம்மா வரவே இல்லை.

இரண்டு வருடம் யாரும் நுழையாத கணக்குகளை நீக்குவோம் என்று 2023இல் கூகுள் அறிவித்ததிலிருந்து எனக்குப் பயம். அவன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. மறுநாளே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து எல்லாப் பதிவையும், பின்னூட்டத்தோடு பிரிண்ட் எடுத்து பைண்டிங் போட்டுக் கொடுத்தேன். கடைக்காரர், “பின்னூட்டம் வேணாம் சார், பேப்பர் நிறைய ஆகுது” என்றார். வேண்டும் என்றேன்.

ரயிலடிவாசி, ராயபுரம்

கொருக்குப்பேட்டை சொன்னதைக் கேட்டு நேற்று ராத்திரி மறுபடி முயன்றேன். பழைய நம்பருக்குத்தான் ஓடிபி அனுப்புவேன் என்கிறது. பெரம்பூர் சொன்ன மாதிரி கூகுள் என் கணக்கையே நீக்கினால் என் தப்பும் போகும், அந்த 17 பின்னூட்டமும் போகும். எதற்கு ஆசைப்படுவதென்று தெரியவில்லை.

பிரிண்ட் எடுத்தேன். சிவப்புப் பேனாவால் நானும் தலைப்பைத் திருத்தி, கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: “1853 ஏப்ரல் 16, போரிபந்தர் – தாணே. 1856 ஜூலை 1, ராயபுரம் – வாலாஜா ரோடு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி.” நாளைக் காலை அந்த டீக்கடைக்குப் போகிறேன். அவர் ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவாராம்.