புதுப்பிப்பு: பிக்கப் முன் பிரேக் சத்தம் நின்றது

காட்பாடி மேம்பாலத்தில் இறங்கும்போது பிக்கப்பின் முன் இடது சக்கரம் கிரீச்சென்று கத்துகிறது, பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற கட்டை) நானே மாற்றலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டேன்.

இடது பக்கம் கழற்றியதும் குட்டு உடைந்தது. உள்பக்க பேட் கிட்டத்தட்ட அதன் பின்பக்க இரும்புத் தகடுவரை தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்தில் பாதிக்கு மேல் மீதி. காலிப்பர் (பேட்களைப் பிடித்து அழுத்தும் கவ்வி) நகர்கிற பின்களில் ஒன்று துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. காலிப்பர் நகராவிட்டால் பிஸ்டன் தள்ளும் உள் பேட் மட்டும்தானே உழைக்கும்! பின்னை உப்புத்தாளால் தேய்த்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் தடவினேன். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். டிஸ்க்கில் லேசான கோடுகள்தான், நகத்தில் மாட்டவில்லை, அதனால் அப்படியே விட்டேன். வலது பக்கம் அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஒரு அசட்டுத்தனமும் நடந்தது. பிஸ்டனை உள்ளே அழுத்தும்போது பிரேக் ஆயில் டப்பாவைக் கவனிக்கவில்லை, வழிந்து பெயிண்டில் பட்டுவிட்டது. நல்லவேளை, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அப்புறம் பெடலை மிதித்து மிதித்து, கெட்டியான பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

நேற்று குடியாத்தத்திலிருந்து தேங்காய் லோடு ஏற்றி வந்தேன். சத்தமே இல்லை. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள் என்று சொன்ன அண்ணனுக்கு நன்றி.