சமையலறைச் சுவரில் கோலம்: டேப்பை உரித்ததும் சுவர் கிழிந்துவிட்டது, உதவுங்கள்

ஸ்டுட்கார்ட் புதுவரவு:
அண்ணன்களே, அக்காக்களே, அவசரம். ஜெர்மனி வந்து நான்கு மாதம் ஆகிறது. சமையலறையில் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒடுங்கிய மூலை ஒன்று, பகலிலும் இருட்டு. அந்த வெறும் வெள்ளைச் சுவர் மனதை அழுத்துகிறது. நேற்று டேப் ஒட்டி, காவி நிறத்தில் கோலம் போல அடித்தேன். உரித்துப் பார்த்தால் பெயின்ட் கசிந்து கோடெல்லாம் பிசிறு, ஓரிடத்தில் சுவரே கையோடு வந்துவிட்டது. அடுத்த வாரம் அம்மா வருகிறார். என்ன செய்ய?

மியூனிக் வாசி:
சொந்த வீடா, வாடகையா? அதைச் சொல்லவே இல்லையே. வாடகை என்றால் தொட்டிருக்கவே கூடாது. நான் வந்த முதல் வருடம் படுக்கையறைக்கு அடர்நீலம் அடித்தேன்; காலி செய்தபோது அட்வான்ஸில் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். அடர் நிறத்தோடு வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2013-இல் கூட்டாட்சி நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பெர்லின்காரன்:
பயமுறுத்தாதீர்கள். அது திருப்பிக் கொடுக்கும் நாளைப் பற்றியது. குடியிருக்கும்போதும் வெளிர் நிறம்தான் பூச வேண்டும் என்ற ஒப்பந்த நிபந்தனை செல்லாது என்று அதே நீதிமன்றம் 2008-இல் சொன்னது. தைரியமாக அடியுங்கள் சகோதரி.

டோர்ட்முண்ட் ஐயா:
பிள்ளை, நான் 1986-இல் வந்தபோது விடுதியில் ஒரு குசினிக்குப் பதினெட்டுப் பேர். மார்கழியில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஊர்க் காலண்டர் ஒன்றைச் சுவரில் மாட்டி வைத்து அதையே பார்த்துக்கொண்டு இருந்தோம். நிறம் பிறகு, முதலில் அந்த மூலைக்கு நல்ல விளக்கு போடுங்கோ.

மியூனிக் வாசி:
ஐயா, உங்களுக்குக் குசினியாவது இருந்தது. எனக்குக் கிடைத்த வீட்டில் சிங்க்கூட இல்லை, முன்பிருந்தவர் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் குளியலறையில் பாத்திரம் கழுவினேன்.

பெர்லின்காரன்:
ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆணி அடிக்க முடிகிறதா? மறுநிமிடம் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார்.

ஃப்ராங்க்ஃபர்ட் அக்கா:
அந்தப் பெண் கேட்டது சுவரைப் பற்றி. அதற்கு வருவோம்.

தங்கச்சி, உரிந்து வந்தது சுவர் இல்லை. இங்கே பல வாடகை வீடுகளில் ஒட்டியிருக்கும் ரௌஃபாசர், அதாவது மரத்தூள் கலந்த சொரசொரப்பான வால்பேப்பராகத்தான் இருக்கும். அந்த மேடு பள்ளத்தில் டேப் சரியாக ஒட்டாது, அதனால்தான் கசிவு. கிழிந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். வால்பேப்பர் பசையால் மறுபடி ஒட்டி ஒரு நாள் காய விடுங்கள். ஒட்டுமுன் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமோ கரும்புள்ளியோ இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், பெயின்டால் மூடவே கூடாது, வீட்டுக்காரரிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

காய்ந்திருந்தால், பிசிறின் மேல் வெள்ளை இரண்டு கோட். மறுபடி டேப் ஒட்டினால் அதன் ஓரத்தில் முதலில் சுவரின் வெள்ளையையே தடவுங்கள், கசிய வேண்டியது அதுவே கசிந்து இடைவெளியை அடைத்துவிடும். அது காய்ந்தபின் காவி. காவி முழுதாகக் காயும் முன்பே டேப்பைச் சாய்வாக மெதுவாக உரியுங்கள். ஆனால் என்னைக் கேட்டால் டேப்பே வேண்டாம். கோலம் கையால் இழுப்பதுதானே? ஐந்துக்கு ஐந்து புள்ளி, எட்டு சென்டிமீட்டர் இடைவெளி, பென்சிலால் லேசாக வையுங்கள். மெல்லிய தூரிகையால் சிக்குக் கோலம் போடுங்கள். கை சற்று நடுங்கினாலும் அழகுதான். மூலை இருட்டு என்கிறீர்கள், அதனால் காவியை நிரப்பாமல் கோட்டோடு நிறுத்துங்கள். வெளிர் பரப்புதான் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். அடுப்புப் பக்கம் என்றால் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கை முதலில் துடையுங்கள், துடைத்தால் அழியாத பெயின்டாக, டப்பாவில் முதல் அல்லது இரண்டாம் வகுப்பு என்று போட்டதை வாங்குங்கள். காலி செய்யும்போது மேலே வெள்ளை அடிக்கும் செலவு உங்களுடையது, இப்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஸ்டுட்கார்ட் புதுவரவு:
வாடகை வீடுதான், சொல்ல மறந்துவிட்டேன். தொட்டுப் பார்த்தேன் அக்கா, உலர்ந்துதான் இருக்கிறது. பசையும் தூரிகையும் இன்றே வாங்கிவிடுகிறேன், நாளை ஞாயிறு, கடை இருக்காது. ஐயா சொன்ன விளக்கையும் சேர்த்து வாங்குகிறேன்.