பிரிந்து சென்ற பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும்: கண்டிப்பா, காழ்ப்பா?

ஓசூர் வாசகன்:
2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் விலகலை ஆதரித்தனர். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறியது. வேறெந்த உறுப்பு நாட்டுக்கும் இந்த எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒன்றியம் பிரிட்டனை இறுக்கிப் பிடித்தது என்பது என் உறுதியான கருத்து. ஒன்றியத்தின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் திட்டமான கலிலியோவுக்குப் பணமும் கருவிகளும் கொடுத்த நாட்டை, அரசுகளும் படைகளும் மட்டும் பயன்படுத்தும் அதன் பாதுகாக்கப்பட்ட சேவையிலிருந்து ஒதுக்கியது எந்த வகையில் நியாயம்?

கிருஷ்ணகிரி மாங்கூழ்:
ஐயா, கலிலியோவில் மூன்றாம் நாடுகளுக்கான, அதாவது உறுப்பினர் அல்லாத நாடுகளுக்கான, வரம்புகள் வகுக்கப்பட்டபோது பிரிட்டனும் உறுப்பினராக உள்ளேதான் அமர்ந்திருந்தது. தானும் சேர்ந்து எழுதிய விதி, வெளியே வந்ததும் தனக்கே பொருந்தியதைக் காழ்ப்பு என்று சொல்ல முடியாது.

மாம்பழக்கூழ் ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை என்பதால் ஒன்றியத்துக்கு உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்குமான வேறுபாட்டை அன்றாடம் பார்க்கிறேன். 200 லிட்டர் டிரம்மில் போகும் பெங்களூரா ரக மாங்கூழுக்கு ராட்டர்டாமில் ஒருமுறை சுங்கம் முடிந்துவிட்டால், முன்பெல்லாம் அது உள்நாட்டுச் சரக்கைப் போலவே இங்கிலாந்துக்குப் போய்விடும். 2021 ஜனவரி 1 முதல் அதே டிரம் இன்னொரு சுங்க எல்லையைக் கடக்க வேண்டியிருக்கிறது. 2020 டிசம்பர் 30 அன்று கையெழுத்தான வர்த்தக, ஒத்துழைப்பு ஒப்பந்தம் தீர்வையும் அளவு வரம்பும் இல்லை என்கிறது. ஆனால் அந்தச் சலுகை இரு தரப்பிலும் உருவான பொருள்களுக்கே உண்டு, நம் ஊர் மாங்காய்க்கு இல்லை. ஒருபோதும் உறுப்பினராக இராத நார்வேயும் ஒன்றியத்தின் பொது வணிக விதிகளை ஏற்கும் ஒற்றைச் சந்தைக்குள் இருந்துகொண்டே, வெளிநாட்டுச் சரக்குக்கு ஒரே தீர்வை விதிக்கும் சுங்க ஒன்றியத்துக்கு வெளியே நிற்பதால், அதன் சரக்குக்கும் எங்கே உருவானது என்று காட்டச் சொல்லும் தோற்ற விதிகள் உண்டு. அந்த நாட்டை யார் பழிவாங்கினார்கள்?

தர்மபுரி ஆசிரியர்:
முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. 1982இல் வாக்கெடுப்பு நடத்திய கிரீன்லாந்து, 1985 பிப்ரவரி 1 அன்று அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலிருந்து விலகியது. அதன் கடலில் மீன்பிடிக்கும் உரிமைக்கு ஈடாக, அதன் மீனுக்குத் தீர்வையில்லாச் சந்தையும் நிதியும் கிடைத்தன. டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்ட, 60,000 பேர்கூட வாழாத தீவு என்பதால் முழுமையாக ஒப்பிட முடியாது. இருந்தாலும் விலகியவரை விரோதியாக நடத்தவில்லை என்பதற்கு அது சான்று.

ஓசூர் வாசகன்:
ஆசிரியர் ஐயா, சிறிய தீவிடம் காட்டிய பெருந்தன்மை பெரிய போட்டியாளரிடம் காட்டப்படவில்லை என்பதே என் வாதம். 2021 ஜனவரி 29 அன்று, தடுப்பூசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதற்காக அயர்லாந்துத் தீவுக்குள் சரக்குச் சோதனை எல்லை வராமல் காக்கும் வட அயர்லாந்து நெறிமுறையில், ஒருதலையாகத் தற்காப்பு நடவடிக்கை எடுக்க இடம்தரும் 16ஆம் பிரிவைக் கையிலெடுப்பதாக ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அறிவித்தது. தன் சொந்த உறுப்பு நாடான அயர்லாந்தைக்கூட அது கலந்தாலோசிக்கவில்லை. பல ஆண்டுகள் குண்டுவெடிப்புகளைப் பார்த்த அந்த மண்ணின் அமைதி, ஒரு மாலைப்பொழுதில் பேரத்துக்குரிய பொருளாகிவிட்டது.

கிருஷ்ணகிரி மாங்கூழ்:
அது பெரும் தவறு. அதில் உங்களோடு உடன்படுகிறேன். சில மணி நேரத்திலேயே பின்வாங்கியது அந்தத் தவறைச் சிறிதாக்கிவிடாது. ஆயினும் 2023 பிப்ரவரி 27 அன்று எட்டப்பட்ட, அந்த நெறிமுறையைத் திருத்திய விண்ட்சர் கட்டமைப்பில், பிரிட்டனிலிருந்து போய் வட அயர்லாந்திலேயே தங்கிவிடும் சரக்குக்குச் சோதனை குறைந்த பச்சை வழியைத் திறக்க இதே ஆணையம்தான் இணங்கியது. 2024 ஜனவரி 1 முதல் ஹொரைசன் ஆராய்ச்சித் திட்டத்திலும் பிரிட்டன் மீண்டும் இணைந்திருக்கிறது.

ஓசூர் வாசகன்:
2025 மே 19 அன்று லண்டனில் பிரிட்டனும் ஒன்றியமும் கொள்கையளவில் ஒப்புக்கொண்டதையும் சேர்த்துப் பாருங்கள். உணவு, வேளாண் பொருள்களுக்கான சோதனைகள் குறைய வேண்டுமானால் ஒன்றியத்தின் விதிகள் மாற மாற பிரிட்டனும் மாறிக்கொண்டே வரவேண்டும்; அவ்விதிகளை முடிவு செய்யும் வாக்கு அதற்கு இல்லை. இதோடு ஐரோப்பியப் படகுகளுக்கு 2038 வரை மீன்பிடி உரிமையையும் விட்டுக்கொடுத்திருக்கிறது.

கிருஷ்ணகிரி மாங்கூழ்:
வாக்குரிமை உறுப்பினருக்கு உரியது, அதை வெளியில் நிற்பவருக்கும் கொடுத்தால் உள்ளே இருக்கும் 27 நாடுகள் எதற்காகச் சந்தா கட்ட வேண்டும்? ஆனால் விதிகள் உருவாகும் கட்டத்தில் பிரிட்டனின் குரல் கேட்கப்படும் என்று அதே உடன்பாடு சொல்கிறது. அந்தக் குரல் எந்த அறை வரை போகும் என்பதை இறுதி ஒப்பந்தத்தின் வரிகளில் படித்த பிறகு, இந்த ஒரு புள்ளியில் மட்டும் உங்களிடம் மறுபடியும் வருகிறேன்.