ரீஃபர்பிஷ்டு லேப்டாப்: எஸ்எஸ்டி மாற்ற முடியுமா என்று வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

மழைக்குருவி:

வணக்கம். ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) லேப்டாப் ஒன்று வாங்கப் போகிறேன். 256 ஜிபி எஸ்எஸ்டியோடு வருகிறது, கொஞ்ச நாள் கழித்து 1 டிபி போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம். எல்லா விளம்பரத்திலும் "அப்கிரேடு செய்யலாம்" என்று இருக்கிறது, அதை நம்பலாமா? திங்க்பேட் டி480, டி480எஸ், டெல் லாட்டிட்யூட் 7490 மூன்றும் மனதில் இருக்கின்றன. பணம் கட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

திருப்புளி:

"அப்கிரேடு செய்யலாம்" என்ற வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ரேம் மட்டும் கூட்ட முடிகிற மாடலுக்கும் அதையேதான் எழுதுகிறார்கள். முழு மாடல் எண்ணை வாங்கி, தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்குங்கள். எஸ்எஸ்டியைக் கழற்றும் படம் அதில் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் ஸ்டோரேஜ் மதர்போர்டிலேயே சால்டர் செய்திருக்க வாய்ப்பு அதிகம். இஎம்எம்சி 64 ஜிபி என்று போட்டிருக்கும் மெஷின்களும், எம்1 முதலான மேக்புக்குகளும் இந்த வகைதான்.

அடுத்தது நீளம். எம்.2 என்பது மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டி. எம்.2 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். 2242, 2230 அளவுகளும் உண்டு. குட்டையான ஸ்லாட்டில் நீளமானது உட்காராது. நீளமான இடத்தில் குட்டையானதை வைக்கலாம், ஆனால் மறுமுனையைப் பிடிக்கும் திருகுக்கான மேடு அந்தத் தூரத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் ஒரு நீட்டிப்புத் தகடு தேவை.

பலர் ஏமாறுவது இடைமுகத்தில், அதாவது எஸ்எஸ்டி மதர்போர்டோடு பேசும் முறையில்தான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் பழைய, மெதுவான சாட்டாவும் வரும், வேகமான என்விஎம்இயும் வரும். சாட்டா எஸ்எஸ்டியின் முனையில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும், என்விஎம்இயில் பெரும்பாலும் ஒன்று. இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, இரண்டு வெட்டுள்ள என்விஎம்இயும் விற்பனையில் உண்டு. இரண்டு வெட்டுள்ளது எம் கீ (ஒற்றை வெட்டுக்கான) ஸ்லாட்டில் அழகாக உட்காரும். ஆனால் அந்த ஸ்லாட்டுக்கு சாட்டா இணைப்பு கொடுக்கப்படவில்லை என்றால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில்) டிஸ்க்கே தெரியாது. "எஸ்எஸ்டி பழுது" என்று திருப்பி அனுப்பப்படுவதில் பல இப்படிப்பட்டவைதான்.

உங்கள் மூன்று மாடல்கள்:

டி480: 2.5 அங்குல (பட்டை அல்லாத, பெட்டி வடிவ டிஸ்க்குக்கான) இடம் ஒன்று, 7 மிமீ தடிமன் வரை. அங்கேயே அதற்குரிய ட்ரே போட்டு 2280 என்விஎம்இயும் வைக்கலாம், ஆனால் இரண்டு லேன்தான் (தரவு போகும் பாதைகள்), எனவே நொடிக்கு 2,000 எம்பியைத் தாண்டாது. சிம் மோடம் வைக்கும் சிறிய ஸ்லாட்டில் இரண்டு வெட்டுள்ள 2242 என்விஎம்இ ஒன்றையும் கூடுதலாக வைக்கலாம். ரேம் ஸ்லாட் இரண்டு.

டி480எஸ்: ஓர் எழுத்துதான் வித்தியாசம், உள்ளே வேறு மெஷின். 2.5 அங்குல இடம் கிடையாது. 2280 ஸ்லாட் ஒன்று, நான்கு லேன். ரேமில் ஒரு பகுதி சால்டர், ஒரு ஸ்லாட் மட்டும் உண்டு.

லாட்டிட்யூட் 7490: 2280 ஸ்லாட் ஒன்று, ரேம் ஸ்லாட் இரண்டு.

ஸ்டோரேஜ்தான் முக்கியம் என்றால் டி480 எடுங்கள். 2.5 அங்குல இடம் ஒன்று, சிறிய ஸ்லாட் ஒன்று என்று ஒன்றுக்கு இரண்டு டிஸ்க் வைக்கலாம். பிசிஐஇ 4.0 (என்விஎம்இ பயன்படுத்தும் இணைப்பின் அடுத்த தலைமுறை) எஸ்எஸ்டி வாங்கினால் அதுவும் இவற்றில் வேலை செய்யும், 3.0 வேகத்தில்.

சுழியம்_ஒன்று:

மேலே சொன்னதோடு ப்ராசஸரையும் பாருங்கள். டி480 சில 7ஆம் தலைமுறை ஐ5-இலும் வந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு 8ஆம் தலைமுறை வேண்டும். ஐ5-8250யூ, 8350யூ என்று 8-இல் தொடங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

கையில் வந்ததும் பயாஸுக்குள் போங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அன்றே திருப்பிக் கொடுங்கள், அதை எளிதில் நீக்க வழியில்லை. பிறகு விண்டோஸை ரீசெட் செய்து இணையத்தோடு இணையுங்கள். ஏதாவது நிறுவனத்தின் பெயரோடு உள்நுழையச் சொன்னால் அந்த மெஷின் இன்னும் பழைய அலுவலகத்தின் பதிவில் இருக்கிறது. எஸ்எஸ்டியை மாற்றினாலும் இது போகாது, பதிவு வன்பொருளின் அடையாளத்தோடு கட்டப்பட்டது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் இப்போதுள்ள எஸ்எஸ்டியின் ஹெல்த் சதவீதம், ஓடிய மணிநேரம் இரண்டையும் பாருங்கள். ஏழு வருட மெஷினில் எஸ்எஸ்டி 5 மணிநேரமே ஓடியிருந்தால் விற்றவர் புதிதாகப் போட்டிருக்கிறார் என்று பொருள். அது பெயர் தெரியாத பிராண்டு என்றால் முக்கியமான கோப்புகளை அதில் மட்டும் வைக்காதீர்கள்.

மழைக்குருவி:

மிக்க நன்றி. டி480 என்று முடிவு. உள்ளே 256 ஜிபி 2.5 அங்குல சாட்டா இருக்கிறதாம். குளோன் செய்வதா (பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பதா), விண்டோஸைப் புதிதாக நிறுவுவதா?

திருப்புளி:

புதிதாக நிறுவுங்கள். விற்றவர் போட்ட விண்டோஸில் என்னென்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆக்டிவேஷன் மதர்போர்டோடு சேர்ந்தது, எஸ்எஸ்டி மாற்றினால் போகாது. குளோன் செய்தால் இன்னொரு தொல்லையும் வரும்: சி டிரைவுக்கும் புதிதாகக் கிடைத்த காலி இடத்துக்கும் நடுவில் ரிகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்துகொள்ளும், டிஸ்க் மேனேஜ்மென்டில் சி-யைப் பெரிதாக்கும் தேர்வு மங்கிக் கிடக்கும்.

டி480-இல் இரண்டு பேட்டரி. வெளியே உள்ளதைக் கழற்றினாலும் உள்ளே இருப்பது போர்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பயாஸில் கான்ஃபிக், பவர், அங்கே 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி' கொடுங்கள். மெஷின் அணைந்ததும் சார்ஜரைச் செருகாமல் வெளிப் பேட்டரியை எடுத்துவிட்டு அடிமூடியின் திருகுகளைத் தளர்த்துங்கள். அவை மூடியிலேயே நிற்கும், கீழே விழாது. உலோகத் திருப்புளியால் நெம்பாதீர்கள், ஓரத்தில் பிளாஸ்டிக் அட்டையை விட்டு நகர்த்தினால் கிளிப் ஒவ்வொன்றாக விடும். எம்.2 என்றால் சுமார் 30 பாகை சாய்த்துச் செருகி, முனை முழுவதும் உள்ளே போனபின் தட்டையாக அழுத்தித் திருகு போடுங்கள். தங்க நிறப் பட்டை பாதி வெளியே தெரிந்தால் இன்னும் உள்ளே போகவில்லை.

வாங்கும்போதே 2.5 அங்குல ட்ரே, கேபிள், எம்.2 திருகு மூன்றும் இருக்கின்றனவா என்று பின்மூடி திறந்த படம் கேளுங்கள். ரீஃபர்பிஷ்டு மெஷின்களில் காணாமல் போவது இவைதான்.

சுழியம்_ஒன்று:

ஒரு சேர்க்கை: டி480 வந்தவுடன் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை (யுஎஸ்பி-சி போர்ட்டை இயக்கும் உள் மென்பொருளை) புதுப்பித்துவிடுங்கள். பழைய பதிப்பில் யுஎஸ்பி-சி போர்ட்டே செயலிழக்கும் குறை தெரிந்த ஒன்று, அந்த மெஷின் சார்ஜ் ஆவது அதன் வழியாகத்தான்.