கோணேசர் கோயில் ஏற்றம்: நடப்போருக்கும் சைக்கிளுக்கும் பாதை கேட்கும் முன், கண்டதை எழுதுங்கள்

திருகோணமலைக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியைப் பற்றி வந்த பதிவுகள் இவை. ஒவ்வொன்றின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.

கோட்டையடி

வெள்ளிக்கிழமை பின்னேரம். கோட்டை வாசல் கடந்து ஏறும் வளைவில் மேலிருந்து சுற்றுலா பஸ் ஒன்று இறங்குகிறது. ஒரு அம்மா பிள்ளையைக் கையில் பிடித்தபடி வலப்பக்கமாக, வரும் வாகனத்தைப் பார்த்தபடி, முறைப்படிதான் ஏறுகிறார். பஸ்ஸின் முன்சில்லு அவரை நன்றாக விலத்திப் போனது. பின்சில்லு விலத்தவில்லை. உள்ளே வெட்டிக்கொண்டு வந்தது. அவர் பிள்ளையைத் தூக்கி மதிலோடு ஒட்ட, பஸ்ஸின் பக்கத் தகடு சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு போனது.

சாரதியைத் திட்டிப் பயன் இல்லை. நீளமான எந்த வண்டியும் வளைவில் அப்படித்தான் திரும்பும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 6 மீற்றர் உள்ள பஸ், 15 மீற்றர் ஆரையுள்ள வளைவில் பின்சில்லை ஏறத்தாழ 1.2 மீற்றர் உள்ளே விழுத்தும். 6-ஐ 6-ஆல் பெருக்கி, 15-இன் இரு மடங்கால் வகுத்தால் இந்தக் கணக்கு வரும். நடைபாதைக்கென்று எல்லோரும் கேட்கும் அகலமும் அதே 1.2 மீற்றர்தான். அதாவது வளைவின் உட்பக்கத்தில் வெள்ளைக் கோடு போட்டு ஆட்களை நடக்கவிட்டால், பஸ்ஸின் பின்சில்லு ஓடும் இடத்திலேயே அவர்களை நிறுத்துகிறோம். நடைபாதை வெளிப்பக்கம்தான் வர வேண்டும்.

அளப்பதற்கு இலகுவான வழி உண்டு. வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு பீப்பாய் தண்ணீரை ஊற்றி, பஸ் அதன்மேல் ஏறிப் போகட்டும். ஈரச் சில்லு காய்ந்த தாரில் இரண்டு தடம் விடும். அவற்றுக்கிடையில் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் அளவு நாடா பிடியுங்கள். வரைபடம் கீறுவது அதற்குப் பிறகு.

உவர்மலை

அண்ணை சொன்னது சரி, ஆனால் அந்த அம்மா நின்ற பக்கத்தையும் பேச வேண்டும். வலப்பக்கம் நட என்று படிப்பிப்பது நேர் வீதிக்கு. வலப்பக்கம் திரும்பும் குருட்டு வளைவில் அதே விதி ஆளை உட்பக்கத்தில் கொண்டுபோய் ஒளித்துவிடும். அந்த இடத்தில் வெளிப்பக்கம் மாறித்தான் நடக்க வேண்டும். மாறும் இடம் வளைவுக்கு 30 மீற்றராவது முன்னுக்கு இருக்க வேண்டும், வளைவுக்குள் இருக்கக் கூடாது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை ஒன்று அப்படி மாறாமல் உள்ளே போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முன்னால் போன ஆசிரியர் வளைவு தாண்டிவிட்டார். கடைசிப் பிள்ளை இந்தப் பக்கம். இறங்கி வந்த வான்காரருக்குத் தெரிந்தது ஆசிரியர் மட்டுந்தான்.

எவ்வளவு பற்றை வெட்டினால் தெரியும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 20 மீற்றர் கயிற்றை வளைவின் விளிம்பில் இரண்டு முனையும் தொடும்படி இழுத்துப் பிடியுங்கள். கயிற்றின் நடுவிலிருந்து விளிம்புக்கு உள்ள தூரம் ஒன்றரை மீற்றர் என்றால் ஆரை 34 மீற்றர் அளவில் இருக்கும். 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் மட்டமான தரையில் பார்த்து நிற்க 35 மீற்றர் வேண்டும். இறக்கத்தில் அதைவிடக் கூட. 35 மீற்றர் தெரிய வேண்டுமானால் உள் ஓடுதடத்தின் நடுவிலிருந்து நாலரை மீற்றர் உள்ளுக்குப் பற்றையோ மதிலோ பார்வையை மறைக்கக் கூடாது. பற்றை என்றால் வெட்டலாம். பாறையோ கோட்டை மதிலோ நின்றால் குறைக்க வேண்டியது வேகத்தைத்தான். 20 கிலோமீற்றர் என்று பலகை மட்டும் நட்டால் யாரும் குறைக்கமாட்டார்கள், ஓடுதடத்தையே ஒடுக்க வேண்டும்.

குவிவுக் கண்ணாடி போதும் என்று யாராவது சொல்லும் முன்பே சொல்லிவிடுகிறேன். அது வாகனத்தைத் தூரத்தில் இருப்பது போலக் காட்டும். கடற்காற்றில் உப்புப் படிந்தால் அதுவும் தெரியாது.

நிலாவெளி சைக்கிள்

மானைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. மம்மல் நேரம், ஒரு கார் நடு வீதியில நிண்டு பழத்தோல் போடுது. சைக்கிளில இறங்கின பெடியன் முதல் மான் கடக்கும்வரை பிரேக் பிடிச்சான், கடந்ததும் விட்டிட்டான். பின்னால ரெண்டாவது பாய்ஞ்சது, அதுக்குப் பின்னால குட்டி. ஹாண்டில் மானின்ர விலாவில இடிச்சு, ஆள் தார் ரோட்டில, சைக்கிள் கானுக்குள்ள. புள்ளிமான் கூட்டமாத்தான் திரியும். ஒண்டு கடந்தா இன்னொண்டு வரும் எண்டுதான் நினைக்க வேணும்.

கணக்கு இதுதான். 8 வீத இறக்கத்தில, காய்ஞ்ச ரோட்டில, 30 கிலோமீற்றர் வேகத்தில வாற சைக்கிள் நிக்க 25 மீற்றர் தேவை. 20 எண்டால் 14 மீற்றர். மழை நனைச்ச இரும்பு றிம்மில ரெண்டு கணக்கும் சரிவராது. முதல் சில சுற்றுக்கு பிரேக் கட்டை தண்ணியைத்தான் துடைக்கும். கம்பி பிரேக் போட்ட பழைய சைக்கிளுக்கு இது இன்னும் மோசம். அதனால ஏறி முடிஞ்சு திரும்ப முன்னம் கட்டையைப் பாருங்கோ. அதில இருக்கிற வெட்டுக்கோடு தேய்ஞ்சு மறைஞ்சிருந்தால் மாத்துங்கோ. லீவரை முழுக்கப் பிடிச்சாலும் ஹாண்டிலுக்கும் அதுக்கும் இடையில ஒரு விரல் போக வேணும். இறங்கும்போது ரெண்டு பிரேக்கையும் மெல்ல விட்டுவிட்டுப் பிடியுங்கோ. முன் பிரேக்கை மட்டும் நம்பினால் குப்புற விழுவீங்கள், பின் பிரேக்கை மட்டும் நம்பினால் மணலில சறுக்குவீங்கள். கரியரில பாரம் இருந்தால் கயிறால இறுக்கிக் கட்டுங்கோ, வளைவில அசையிற பாரம் சில்லை இழுக்கும். முன் லைற்றைக் கொஞ்சம் கீழ சரிச்சு வையுங்கோ.

பாதைக்கு வேலி கேக்கிற ஆக்களுக்கும் ஒண்டு. இடைவெளி விடாமல் அடைச்சால் உள்ள வந்த மான் வெளிய போக வழியில்லாமல் ரோட்டிலேயே ஓடும். நல்லாத் தெரியிற நேர்த் துண்டுகளில திறப்பு விடுங்கோ, வளைவில விடாதேங்கோ. வாகனம் நிப்பாட்டித் தீன் போடுறதை அந்தத் துண்டு முழுக்கத் தடை செய்ய வேணும்.

கன்னியா வீதி

கோட்டையடி அண்ணையின் கணக்குச் சரி, முடிவில்தான் உடன்பாடு இல்லை. வெளிப்பக்கம் நடைபாதை, இரு பக்கமும் சைக்கிள் தடம் என்று எல்லோரும் கேட்டால் வீதி எங்கே? 6 மீற்றர் வீதி என்று வைப்போம். ஒரு பஸ் 2.5 மீற்றர். இரண்டு பஸ் விலத்த 5 மீற்றர், நடுவிலும் ஓரங்களிலும் விடும் இடைவெளியோடு 6 மீற்றரும் முடிந்தது. மிச்சம் ஒன்றும் இல்லை. இரண்டு பஸ் எங்கும் விலத்தலாம் என்பதை முதலில் கைவிட வேண்டும். கோட்டை வாசலுக்குள் எப்படியும் ஒவ்வொரு பஸ்ஸாகத்தான் போக முடியும். அந்த ஒழுங்கையே மேலேயும் நீட்டி, ஒன்றிலிருந்து அடுத்தது தெரியும் தூரத்தில் 20 மீற்றர் நீளமுள்ள விலத்தும் இடங்களை வைத்தால் போதும். சிவராத்திரி போன்ற நாட்களில் பஸ்ஸைக் கீழேயே மறித்துவிடலாம்.

அப்படிக் கிடைக்கும் இடத்தில் ஏறும் பக்கத்துக்கு மட்டும் 1.5 மீற்றர் சைக்கிள் தடம் கொடுங்கள். இறங்கும் சைக்கிள் வாகன வேகத்துக்குக் கிட்ட வரும், அது ஓடுதடத்தின் நடுவிலேயே வரட்டும். ஓரத்துக்குத் தள்ளினால் மணலும் கானும்தான்.

ஏறும் பக்கம் ஏன் என்பதற்கு ஒரு காட்சி. முன்னும் பின்னும் அர்ச்சனைச் சாமான் கட்டிய சைக்கிளை ஒரு ஐயா தள்ளிக்கொண்டு ஏறுகிறார். எங்கள் ஆட்கள் சைக்கிளின் இடப்பக்கம் நின்றுதான் தள்ளுவார்கள். அப்போது ஆள் ஓரத்தில், சைக்கிள் வீதிப் பக்கம். ஹாண்டிலின் வலது முனை கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டோ ஒன்று அந்த முனையைத் தட்டிவிட்டுப் போனது. ஹாண்டில் திரும்பியதும் முன்சில்லு அவருடைய காலில் ஏறியது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து தள்ளிப் போக 1.2 மீற்றர் வேண்டும். 90 சென்ரிமீற்றரில் கோடு கீறி அதைச் சைக்கிள் தடம் என்று காட்டினால் அதில் இந்த ஐயாவுக்கு இடமில்லை.

வடிகான் வேலை

கோடு, தடம் என்று பேசுகிறீர்கள், இடம் ஏற்கனவே காலடியில் இருக்கிறது. திறந்த கானை மூடினால் வீதியை ஓர் அங்குலமும் அகட்டாமல் நடைபாதை வரும். ஆனால் மூடும் விதத்தில்தான் கேடு வருகிறது.

மாரி மழை நேரம், வெறுங்காலோடு ஏறிய ஒருவர் கானை மூடிய கொங்கிறீற் பலகையில் காலை வைக்க, பலகை நடுவில் இரண்டாக முறிந்தது. கால் முழங்கால் வரை உள்ளே. முறிந்த வாயைப் பார்த்தால் கம்பி மேல் பக்கத்தில் கிடக்கிறது. யாரோ பலகையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். பாரம் ஏறும்போது இழுபடுவது அடிப்பக்கம். கம்பியும் அங்கேதான் இருக்க வேண்டும். மேலே கிடக்கும் கம்பியால் ஒரு பயனும் இல்லை.

உள் அகலம் 60 சென்ரிமீற்றர் உள்ள கானுக்கு இப்படிச் செய்யுங்கள். பலகை நீளம் 90, இரு பக்கமும் 15 சென்ரிமீற்றர் சுவரில் தாங்க வேண்டும். தடிப்பு 10. அகலத்தை 50 வைத்தால் ஒரு பலகை 108 கிலோ, கான் துப்புரவு செய்யும் ஆட்கள் தூக்கமாட்டார்கள், பிறகு இரும்புக் கம்பியால் நெம்பி விளிம்பை உடைப்பார்கள். 30 வைத்தால் 65 கிலோ, இருவர் தூக்கலாம். 10 மில்லிமீற்றர் கம்பி மூன்று, நீளவாக்கில், அடியிலிருந்து 40 மில்லிமீற்றர் மேலே. கடற்கரை என்பதால் இந்த 40-ஐக் குறைக்காதீர்கள். உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால் அது பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும். கலவை, ஒரு பங்கு சீமெந்துக்கு ஒன்றரை மணல், மூன்று கல். கடல் மணல் வேண்டவே வேண்டாம். 7 நாள் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். கலவை ஈரமாக இருக்கும்போதே மேல் முகத்தில் ஆணியால் ‘மேல்’ என்று எழுதிவிட்டால் தலைகீழாக வைக்கும் பிரச்சினை தீரும். முகத்தைத் துடைப்பத்தால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக்குங்கள், மினுக்கினால் மழையில் வழுக்கும்.

பலகைகள் குறுக்கே கிடக்கட்டும், இடைவெளி 10 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. நீளவாக்கில் இடைவெளி விழுந்தால் சைக்கிள் ரயர் அதில் இறங்கி ஆளைத் தூக்கி எறியும். இரும்புச் சட்டம் போடும் இடத்திலும் கம்பிகள் சைக்கிள் ஓடும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போக ஓரக் கட்டில் 3 மீற்றருக்கு ஒரு வாய் விடுங்கள். வாய் இல்லாத மூடிய கான், வெள்ளத்தை வீதியிலேயே ஓடவிட்டு, மணல் முழுவதையும் கீழ் வளைவில் கொண்டுபோய்க் கொட்டும். சைக்கிள் சறுக்குவதும் அங்கேதான்.

கோட்டையடி

கன்னியா வீதித் தம்பி, வெளிப்பக்கம் என்று நான் சொன்னது வளைவுக்கு மட்டும். நேர்த் துண்டில் உங்கள் ஏறு தடமே நல்லது. ஆனால் வெளிப்பக்கம் பள்ளம் உள்ள இடத்தில் கைபிடி வேலி நடப்பவருக்கு 1.1 மீற்றர், சைக்கிளுக்கு 1.4 மீற்றர் வேண்டும். சைக்கிளில் இருப்பவரின் உடற்பாரம் உயரத்தில் இருப்பதால் தாழ்ந்த வேலியில் மோதினால் அதற்கு மேலால் போய்விடுவார்.

மட்டிக்களி

வேகத்தடை கேட்காதீர்கள். செங்குத்தான இறக்கத்தில் அது சைக்கிளுக்கு ஆபத்து, வளைவுக்குள் போட்டால் சாய்ந்து வரும் மோட்டார் சைக்கிள் விழும். சைக்கிளுக்கென்று ஓரத்தில் இடைவெளி விட்ட ஒரு தடையில், மோட்டார் சைக்கிள் ஒன்று அந்த இடைவெளிக்குள்ளால் பாய்ந்து பூக்காரப் பெண்ணின் கூடையைத் தட்டியது. தேவைதான் என்றால் சாய்வு குறைந்த நேர்த் துண்டில், வீதி முழு அகலத்துக்கும், 7.5 சென்ரிமீற்றர் உயரம், 3.7 மீற்றர் நீளம். சின்னக் குமிழ்த் தடை வேண்டாம்.

திருமலை அக்கா

வயதானவர்களை மறந்துவிட்டீர்கள். ஒரு பாட்டி மூச்சு வாங்கிக் கான் விளிம்பில் குந்தியிருந்தார், இரண்டு பாதமும் தார் ரோட்டில். 50 மீற்றருக்கு ஓர் இருக்கை, 45 சென்ரிமீற்றர் உயரம், எழும்பப் பிடிக்கக் கைப்பிடி. நிழல் பக்கமாக வையுங்கள், மத்தியானத் தாரில் வெறுங்கால் பொறுக்காது.

சாய்வை அளக்க 1 மீற்றர் மட்டப்பலகை போதும். ஒரு முனையைத் தரையில் வைத்து மட்டம் பார்த்து, மற்ற முனைக்குக் கீழே உள்ள இடைவெளியை அளந்தால் 8 சென்ரிமீற்றருக்கு 8 வீதம். சக்கர நாற்காலிக்கு 12-இல் 1-ஐத் தாண்டக் கூடாது. அந்தச் சாய்வுக்கும் 9 மீற்றருக்கு ஒருமுறை ஒன்றரை மீற்றர் சமதளம் வேண்டும். அது இயலாத துண்டுக்கு வண்டியில் ஏற்றிச் செல்லும் ஒழுங்கைச் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

உவர்மலை

மனு எழுதுபவர்களுக்கு: வீதி யாருடையது என்று முதலில் பாருங்கள். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி வகை மாகாணத்துக்கு, மற்றவை உள்ளூராட்சி சபைக்கு. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. 1620-களில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை அது, தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கம்பத்துக்கும் குழி தோண்ட முடியாது. ஆகவே தோண்டாத வேலையை முதலில் கேளுங்கள். தரையில் வைக்கும் கொங்கிறீற் கட்டை, மணல் நிரப்பிய பீப்பாய், சுண்ணாம்புக் கோடு. ஒரு வெள்ளிக்கிழமையும் ஒரு சாதாரண நாளும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நடப்போர், சைக்கிள், ஓட்டோ, பஸ் என்று தனித்தனியாக எண்ணுங்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவோருக்கு வேறு நிரல் போடுங்கள்.

நிலாவெளி சைக்கிள்

வடிகான் அண்ணை, அந்த 65 கிலோ பலகையைத் தூக்கக் கொளுக்கி வைக்கிறதோ?

வடிகான் வேலை

கொளுக்கி வேண்டாம் தம்பி, வெறுங்காலில் இடறும். வார்க்கும்போது இரண்டு முனையிலும் 25 மில்லிமீற்றர் பீவீசீ குழாய்த் துண்டு செங்குத்தாக வையுங்கள். தூக்கும்போது அந்தத் துளைகளுக்குள் வளைந்த கம்பியை விட்டுத் தூக்கலாம்.