ஆளிடம் திரும்பி வந்துவிட்டோம், மேலே ஏற்றத்தான் முடியவில்லை

போன பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்குப் பாய் விரித்துக் கிளம்பினோம். 32 அடிப் படகு, நாலு பேர். மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் என் மச்சான் கடலில் விழுந்தான். முன்பாயின் கயிறு சிக்கியிருக்கிறது என்று எடுத்துவிடப் போனவன், பாதுகாப்பு வாரைப் படகோடு மாட்டாமல் போய்விட்டான். "இதோ ரெண்டு நிமிஷம்" என்று அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஆள் தண்ணியிலே!" என்று கத்தினேன். சுக்கான் பிடித்திருந்த அண்ணன் என்னிடம் சொன்னார்: "கையை அவனை நோக்கியே நீட்டிட்டு நில்லு. வேற எதையும் பாக்காதே." ஆறு நாட் வேகத்தில் படகு நொடிக்கு மூன்று மீட்டர் போகும், ஒரு நிமிடத்தில் 185 மீட்டர். அவ்வளவு தள்ளி, அலைக்கு நடுவில், மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான். அலை ஏறும்போது தெரிகிறது, இறங்கினால் காணோம். அதற்குள் இன்னொருவர் மிதவையை வீசிவிட்டு, ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறிக்கும் பொத்தானை அழுத்தினார்.

காற்று பின்னாலிருந்து வந்ததால் பெரிய பாயின் கட்டையை முன்பக்கமாக இழுத்துக் கட்டியிருந்தோம். அதை அவிழ்த்து, காற்றுக்கு எதிராகத் திருப்பி, முன்பாயின் கயிற்றை அவிழ்க்காமல் அப்படியே விட்டுப் படகின் மூக்கைக் காற்றுக்கு மறுபக்கம் கொண்டுபோனதும், அந்தப் பாயில் காற்று எதிர்ப்பக்கமாக அடித்துப் படகு கிட்டத்தட்ட நின்றது. எஞ்சினைப் போடும் முன் தண்ணீரில் கயிறு தொங்குகிறதா பார் என்றார் அண்ணன். தொங்கியது. பார்க்காமல் போட்டிருந்தால் புரொப்பல்லரில் சுற்றியிருக்கும்.

ஆறேழு நிமிடத்தில் அவனுக்குக் காற்று வரும் பக்கமாகப் போய்ச் சேர்ந்தோம், கியரை நியூட்ரலுக்கு மாற்றினோம். படகு தானாக அவன் பக்கம் ஒதுங்கியது. கயிறு வீசினோம், பிடித்துக்கொண்டான். அவனுடைய லைஃப் ஜாக்கெட் காது வரை ஏறி முகத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. தொடைக்கு இடையே போடும் பட்டியை அவன் மாட்டவில்லை.

அதன் பிறகு இருபது நிமிடம். படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர்தான் இருக்கும், ஆனால் நனைந்த துணியோடு எண்பது கிலோ ஆளை மூன்று பேர் குனிந்து இழுத்தும் மார்பளவுகூட வரவில்லை. பின்பக்க ஏணியை அண்ணன் வேண்டாம் என்றார். அலையில் பின்பக்கம் ஏறி ஏறி அடிக்கும், தலையில் பட்டால் அவ்வளவுதான். கடைசியில் கயிற்றில் இறுகாத வளைய முடிச்சுப் போட்டு அக்குளுக்குக் கீழே மாட்டச் சொல்லி, உபரியாக இருந்த பாயேற்றும் கயிற்றில் கோத்து, வின்ச்சில், அதாவது கைப்பிடி போட்டுச் சுற்றும் உருளையில், சுற்றினோம். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அங்குலம் அங்குலமாக மேலே வந்தான். பிப்ரவரி என்றாலும் நம் கடல் குளிராது, அதனால் தப்பித்தான். குளிர்ந்த கடலாக இருந்தால் அந்த இருபது நிமிடத்தில் கை மரத்து, கயிற்றை மாட்டிக்கொள்ளவே முடியாமல் போயிருக்கும்.

விழுந்த உடனேயே படகு ரேடியோவில் (விஎச்எஃப்) 16-ஆம் சேனலில் மேடே என்ற ஆபத்து அழைப்பைக் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் கொடுக்கவில்லை, அது பெரிய தப்பு. ஆள் கிடைத்துவிட்டால் பிறகு ரத்து செய்துகொள்ளலாம். கரையோரம் போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணும் இருக்கிறது. அவன் தண்ணீர் குடித்திருந்ததால், "நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும் கேட்காமல் கரை ஏறியதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

கணவன் மனைவி இருவர் மட்டும் போகிறவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நானும் வீட்டுக்காரியும் அப்படித்தான் போவோம். படகைத் திருப்ப எல்லோரும் பழகுகிறோம், தூக்க யாரும் பழகுவதில்லை. இப்போது எங்கள் படகில் நான்கு மடங்கு இழுக்கும் கப்பி ஒன்று எப்போதும் தயாராகத் தொங்குகிறது. போன ஞாயிறு துறைமுகத்துக்குள் நான் தண்ணீரில் குதித்தேன். அவள் தனியாக என்னை மேலே ஏற்றப் பதினோரு நிமிடம் ஆனது. அடுத்த வாரம் மறுபடி குதிக்கிறேன்.